புள்ளி வைக்காமல் எழுந்தவர்

மூடி வைத்திருந்த மெஷினின் காகிதம் ஒரு சாண் உயர்ந்திருந்தது.

ஆறுவிரல் கதவைத் திறந்த கையோடு வாசலிலேயே நின்றுவிட்டார். காலையில் இந்த மாடி அறையைத் திறப்பவர் அவர்தான். சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. நேற்று பூட்டும்போது, சுவரோரம் இருக்கும் அந்த மெஷின்மேல் போர்த்திய துணி மட்டமாகக் கிடந்தது. இப்போது அதைத் தலையால் முட்டிக்கொண்டு உள்ளேயிருந்து ஏதோ கூடாரம் போட்டிருந்தது. மை நாடா சூடேறிய வாசனை அறை முழுக்க நின்றது. யாரோ விடிய விடிய உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு இப்போதுதான் எழுந்துபோன மாதிரி ஒரு வெக்கை. போய் நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஆறுவிரல் என்றால் ஒரு விரல் அதிகமாக முளைத்த ஆள் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நினைப்பார்கள். மிச்சம் இருப்பதே ஆறுதான். இடது கையில் கட்டைவிரலை மட்டும் போனால் போகிறதென்று விட்டுவிட்டு, மற்ற நாலையும் கீழே கூடத்தில் இரும்புக் கட்டையை இறக்கித் தகட்டை அமுக்குகிற பிரஸ் வாங்கிக்கொண்டது. எழுத்து என்பதையே அதற்கப்புறம்தான், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் சொல்லச் சொல்லக் கற்றுக்கொண்டார். கை போனவனுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடு என்று சங்கத்துக்காரர்கள் மல்லுக்கு நின்றதில், மாடியில் இந்தக் கண்ணாடி அறை கிடைத்தது.

அந்த அறையில் இருந்த இரண்டு மெஷினும் டெர்மினல்கள். அன்றைக்கு டெர்மினல் என்றால் திரையெல்லாம் கிடையாது. மேசை அகலத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி, முன்னால் விசைகள், முதுகில் காகிதச் சுருள். பிரஸ் செய்ய வேண்டியதை வரி வரியாக அதில் அடித்துக் கொடுத்தால், அடுத்த அறையில் பீரோக்கள் வரிசைகட்டின மாதிரி நிற்கிற கம்ப்யூட்டர் வாங்கி வைத்துக்கொள்ளும். தகட்டைப் பிடி. கட்டையை இறக்கு. கட்டையைத் தூக்கு. தகட்டை விடு. இப்படி. கூடத்தில் இருக்கிற சிவப்புக் குமிழை அழுத்தினாலும் அது தேடுவது இந்த வரிகளுக்குள் ‘நிறுத்து’ என்று ஒன்றைத்தான். எழுதினதைத் திருத்துவதற்கு எடிட்டர் என்று ஒன்று உள்ளே இருந்தது. அதனோடு வேலை பார்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு வீடு பெருக்குவது மாதிரி. எழுதின எதுவும் கண்முன் நிற்காது. இன்ன வரியைக் காட்டு என்று எண்ணைச் சொன்னால் காகிதத்தில் அடித்துக் காட்டும். ஏடாகூடமாக ஏதாவது கேட்டால் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். அதற்குப் பேசத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆனால் வரி சேர்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அடிக்கத் தொடங்கிவிட்டால் அந்தக் கேள்விக்குறியும் வராது. வாயைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கும். திட்டினாலும் அது ஒரு வரி, தும்மும்போது கை பட்டாலும் ஒரு வரி. போதும் என்று அதற்குப் புரிய வைக்க ஒரே வழி, புது வரியின் தலையில் ஒற்றைப் புள்ளி. பக்கத்தில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. புள்ளி வைத்த பிறகு ‘எழுது’ என்று கட்டளை கொடுத்தால்தான் அடித்ததெல்லாம் பிரஸ்ஸுக்குப் போய்ச் சேரும். அதுவரை வெறும் பேச்சு.

“ரெண்டே ரெண்டு சங்கதியை மறக்காதே” என்பார் அந்த அறையில் கூட வேலை பார்த்த மெத்தைக்காரர். “புள்ளி வைக்காம எந்திரிக்காதே. அழிக்கிறதா இருந்தா அடியிலேர்ந்து மேல அழி. மத்தபடி இந்தச் சனியன் உன்னை ஒண்ணும் செய்யாது.”

மெத்தைக்காரருக்கு மூலம். எங்கே போனாலும் ஒரு குட்டி மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார். சுவரோர மெஷின் அவருடையது. போன மாதம் புதுத் தகட்டுக்கான வரிகளை அதில்தான் சேர்த்துக்கொண்டிருந்தார். கீழே தகடு சிக்கிக்கொண்டது என்று குரல் வந்தது. “ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்” என்று எழுந்தார். புள்ளி வைக்கவில்லை. மெத்தையைக்கூட எடுக்கவில்லை.

மற்றதை ஆறுவிரல் இந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். குனிந்து பிரஸ்ஸுக்குள் கையை நீட்டியவரை, ஆட்கள் நண்டு என்று கூப்பிடும் இரும்புப் பிடிகள் மணிக்கட்டில் கவ்வின. அப்புறம் தோளில். நழுவுகிற தகட்டை உள்ளே இழுத்துப் போட அவற்றுக்குத் தெரியும், இழுத்தன. கட்டை இறங்கியது. வெளியே தொங்கின கால்கள் இரண்டும் நடந்தன, நடக்கத் தரை இல்லாமல் நடந்தன. கட்டை ஏறியது. மறுபடி இறங்கியது. உள்ளேயிருந்து “நிறுத்து, நிறுத்து” என்று வந்த சத்தம் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. யாரோ ஓடிப்போய்ச் சிவப்புக் குமிழை அழுத்தியபோது, தரையைக் கழுவி விடுகிற வேலைதான் பாக்கி இருந்தது. அவருடைய கவனக்குறைவு என்று முடித்தார்கள். மெஷினை அப்படியே விட்டுத் துணி போட்டு மூடினார்கள்.

இப்போது ஆறுவிரல் அந்தத் துணியை எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கையில் கதவு படாரென்று திறந்தது.

“மாமா! பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?”

மச்சினன். மனைவியின் தம்பி, ஒரே வீடு, ஒரே ஷிப்டு. மெத்தைக்காரர் போனதிலிருந்து பிரஸ்ஸில் நிற்பவன் அவன்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து அக்கா கட்டிக் கொடுத்த அடுக்குச் சாப்பாட்டு டப்பாவை மேசையில் வைத்தான். மத்தியானம் ஆறுவிரல் கண்ணாடியைத் தட்டுவார். தட்டினால் சாப்பாடு என்று அர்த்தம். அவன் மேலே வந்துவிடுவான்.

“உங்க அடுக்கு லேசா இருக்கு மாமா. நேத்து அக்காகிட்ட வாயைக் குடுத்தீங்களா?”

“சட்டைக் கையை மடிடா முதல்ல.”

“மடிச்சா அழகு போயிடும்.”

“கை போனா என்ன போகும்னு எங்கிட்டக் கேளு.”

அவன் சிரித்துக்கொண்டே மடித்தான், முழங்கைக்கு ஒரு விரற்கடை கீழே வரைக்கும். சுவரோரத்தைப் பார்த்துச் சிரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டான். “மெத்தை அண்ணன் ராத்திரி ஷிப்டு பார்க்கிறாரா என்ன?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனான்.

ஆறுவிரலுக்கு மனைவியின் குரல் காதில் விழுந்தது. தினமும் வாசல்படியில் சொல்வதுதான். “என் தம்பியை உங்களை மாதிரி ஆக்கிடாதீங்க. முழுசாக் கூட்டிட்டு வாங்க.” பாதி கேலி. பாதி கேலி இல்லை.

துணியை எடுத்தார்.

மெத்தைக்காரரின் கடைசி வரிகள் மேலே இருந்தன. புதுத் தகட்டுக்கானவை, ஒழுங்கானவை. பிடி, இறக்கு, தூக்கு, தகட்டை விடு. அங்கேதான் அவர் எழுந்து போயிருக்க வேண்டும். அதற்குக் கீழே வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய காகிதத்தில், ஈரம் காயாத கருப்பில், இருந்தது.

நிறுத்து
கையைப் பிடி
நிறுத்து
தோளைப் பிடி
நிறுத்து
உள்ளே இழு
நிறுத்து
கட்டையை இறக்கு
நிறுத்து
கட்டையைத் தூக்கு
நிறுத்து
மறுபடி இறக்கு

அடித்த விதத்தை ஆறுவிரல் குனிந்து உற்றுப் பார்த்தார். மெத்தைக்காரருக்கு ஒவ்வொரு வரிக்கும் முதல் விசையை ஓங்கிக் குத்துகிற பழக்கம். இங்கேயும் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் காகிதத்தைப் பொத்துக்கொண்டு நின்றது. உள்ளே கிடந்த மனுஷனுக்கு நடந்தது எல்லாம் வரிசையாக இருந்தது. பிரஸ்ஸோடு பேசிப் பேசி வேறு பேச்சு மறந்துபோனவர், செத்ததையும் அந்தப் பேச்சிலேயே சொல்லியிருந்தார். அதன் நடுவே நடுவே, கெஞ்சல்.

துணியைப் பழையபடி போட்டுவிட்டுத் தன் மெஷினுக்கு வந்து உட்கார்ந்தார். புதுத் தகட்டின் வரிகளைத் திற என்று அடித்தார்.

?

இன்னொரு தரம்.

?

அங்கே திறந்திருப்பதை இங்கே திறக்க முடியாது. சுவரோரத்தில் இன்னும் ஒருவர் எழுதிக்கொண்டிருப்பதாக எடிட்டர் நம்பிக்கொண்டிருந்தது.

“என்னய்யா, இன்னுமா?” எஞ்சினியர் உள்ளே வந்தார். சின்ன வயசு, பெரிய பேனா. எதைப் பேசினாலும் அந்தப் பேனாவால் எதையாவது தட்டிக்கொண்டுதான் பேசுவார். “புதுத் தகடு இன்னைக்கு ஓடியாகணும். கீழ ஆளுங்க கையைக் கட்டிட்டு நிக்கிறாங்க.”

“சார், அந்த மெஷின் மூடலை. மெத்தைக்காரரு புள்ளி வைக்காமப் போயிட்டாரு. அதுக்கப்புறமும் அதுல...”

“அதுல?”

துணியை விலக்கிக் காட்டினார். எஞ்சினியர் படித்தார். பேனா ஒரு கணம் நின்றது. அப்புறம் மறுபடி தட்டத் தொடங்கியது.

“எவனோ விளையாடியிருக்கான்.”

“சாவி எங்கிட்டத்தான் சார் இருக்கு.”

“அப்போ நீதான் விளையாடியிருக்கே. சொல்லட்டுமா அப்படி, மேல?” எஞ்சினியர் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார். “உக்காரு. புள்ளியை வை. கடைசியில இருக்கிற குப்பையை அழி. நல்ல வரியை மட்டும் எழுது. இதுக்கு எவ்வளவு நேரம்?”

ஆறுவிரல் உட்கார்ந்தார். மெத்தை இன்னும் அந்த நாற்காலியில்தான் இருந்தது. சாவுக்கு முன்னால் ஒருத்தர் உட்கார்ந்த பள்ளம் அதில் அப்படியே இருக்க, அந்தப் பள்ளத்துக்குள் அவர் இறங்கினார். இறந்தவருக்காகத்தான் வைக்கிறோம், பாவம், அவரும் முடித்துக்கொண்டு போகட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. வரியின் தலையில் புள்ளியை அடித்தார்.

சுருள் ஒரு வரி ஏறியது. எங்கோ யாரோ இவ்வளவு நாள் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்ட மாதிரி, மெஷினின் உள்ளே விசிறி சுழன்று அடங்கியது.

“ம். அழி.” டக், டக், டக். பேனா அவர் காதோரம் நாற்காலி முதுகில் தட்டிக்கொண்டிருந்தது.

குப்பை ஆரம்பிக்கிற வரியின் எண்ணைப் போட்டு அழி என்றார். அடுத்த எண். அழி. அதற்கு அடுத்தது. டக், டக். கீழே ஆட்கள் விசிலடித்தார்கள். அடுத்தது. அழி. இரண்டு கைக்கும் ஆறு விரல்தான், அதில் வேர்வை. அடுத்தது. அழி. டக். அடுத்தது. அழி. அடுத்தது.

?

“அவ்வளவுதான், தீர்ந்துச்சு” என்றார் எஞ்சினியர். “இல்லாத வரியைக் கேக்கிறே, அதான் கேள்விக்குறி. எழுது.”

ஆறுவிரல் எழுது என்று அடித்தார்.

கீழே விளக்கு பச்சைக்கு மாறியது. மச்சினன் கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டு பிரஸ்ஸுக்கு முன்னால் வந்து நின்றான். முதல் தகட்டை எடுத்து வைத்தான். நண்டு அதைப் பிடித்தது. கட்டை இறங்கியது. கண்ணாடி அதிர்ந்தது.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆறுவிரலின் நெஞ்சுக்குள் ஒன்று உறுத்தியது. அந்தக் கேள்விக்குறி. சீக்கிரம் வந்துவிட்டது. காகிதத்தில் அவ்வளவு நீளமாக இருந்த குப்பை, இவ்வளவு சுருக்காகத் தீர்ந்தது எப்படி?

கடைசி வரிகளைக் காட்டு என்று அடித்தார்.

அந்த மெஷின் மெதுவாகத்தான் அடிக்கும். எழுத்து எழுத்தாக.

கட்டையைத் தூக்கு

கீழே கட்டை ஏறியது.

தகட்டை விடு

நண்டு விட்டது. மச்சினன் தகட்டை எடுக்கக் கை நீட்டினான்.

ஆறுவிரலுக்கு அப்போதுதான் உறைத்தது. வரிசையில் முன்னால் நிற்பவனை வெளியே இழுத்தால், பின்னால் நிற்பவன் ஓரடி முன்னே வந்து அந்த இடத்தில் நிற்பான். அவனைத் தொடாமல் அடுத்த இடத்துக்குப் போனால் அங்கே நிற்பவன் வேறு ஆள். வரிகளின் எண்ணும் அப்படித்தான் நகரும்; அவர் மேலேயிருந்து அழித்துக்கொண்டு வந்திருக்கிறார். ஒன்றைவிட்டு ஒன்றைத்தான் அழித்திருக்கிறார். அழிந்தது எல்லாம் ஒரே வார்த்தை. நிறுத்து.

மிச்சம் இருந்தது வேறு.

கையைப் பிடி

எழுந்து பாய்ந்து கண்ணாடியில் அறைந்தார். இரண்டு கையாலும் அறைந்தார். மச்சினன் நிமிர்ந்து பார்த்தான். பார்த்துச் சிரித்தான். சாப்பாடா, இவ்வளவு சீக்கிரமா என்று ஒரு கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினான். மற்றக் கை தகட்டின்மேல் இருந்தது.

நண்டு கவ்வியது.

சிரிப்பு உடனே போகவில்லை. அதுதான் கொடுமை. முகத்தில் சிரிப்பு இருக்கும்போதே கை நசுங்கியது. அவன் தன் கையைப் பார்த்தான், யாருடைய கை இது என்பது போல. வாய் திறந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் வருவதற்குள் பின்னால் மெஷின் அடுத்ததை அடித்தது.

தோளைப் பிடி

“சார், நிறுத்தச் சொல்லுங்க! சிவப்பு! சிவப்பு!”

எஞ்சினியர் நகரவில்லை. பேனா கீழே விழுந்து உருண்டது.

உள்ளே இழு

மச்சினனின் கால் செருப்பை விட்டுப் பிரிந்து வந்தது. சிவப்புக் குமிழை ஒருவன் குத்தினான், குத்திக்கொண்டே இருந்தான். குமிழுக்கு நிறுத்து என்ற வரி வேண்டும். அந்த வரி இல்லை. அதை அவர் அழித்துவிட்டார்.

கட்டையை இறக்கு

ஆறுவிரல் விசைகள்மேல் விழுந்தார். அழி. அழி. நிறுத்து. விடு.

?

?

?

கட்டையைத் தூக்கு

சட்டைக் கை. முழங்கைக்குக் கீழே வரைக்கும் மடித்த சட்டைக் கை. அது மட்டும் தனியாக நண்டில் தொங்கியது. உள்ளே ஆள் இன்னும் அசைந்தான். உயிர் இருந்தது. கட்டை உச்சிக்கு ஏறி மறுபடி இறங்கத் தொடங்கியது.

அப்போது எஞ்சினியருக்குக் கால் வந்தது. சுவருக்கு ஓடி மெயின் சுவிட்சை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தார்.

எல்லாம் நின்றது. விளக்கு, விசிறி, அடுத்த அறை பீரோக்களின் ரீங்காரம், எல்லாம். கட்டை பாதி வழியில் அந்தரத்தில் நின்றது. மேல்கூரை ஓட்டைகளின் வெளிச்சத்தில் ஆட்கள் ஓடிவந்து கட்டைக்கு அடியில் தவழ்ந்து நுழைந்தார்கள். “உசுரு இருக்கு! இழு, மெதுவா இழு!” என்று கத்துவது கேட்டது. எஞ்சினியர் மூலையில் குனிந்து வாந்தியெடுத்தார்.

முழுசாகக் கூட்டிக்கொண்டு போக முடியாது. ஆனால் கூட்டிக்கொண்டு போகலாம். ஆறுவிரல் கதவைப் பார்த்துத் திரும்பினார்.

டக்.

பேனா தரையில் கிடந்தது.

டக். டக்.

மின்சாரம் இல்லாத அறையில், சுவரோர மெஷினின் விசைகள் தாமாக இறங்கி ஏறின. காகிதம் நகர்ந்தது.

மாமா
கையைப் பிடி
மாமா
கட்டையைத் தூக்கு
மாமா
மறுபடி இறக்கு

“வேண்டாம்டா” என்றார். “சொல்லாதே. எதுவும் சொல்லாதே. பேசாம இருடா.”

அது கேட்கவில்லை. கேள்விக்குறியும் போடவில்லை. வாங்கிக்கொண்டுதான் இருந்தது.

சுருள் ஒரு வரி ஏறியது. அச்சு புது வரியின் தலைக்கு வந்து நின்றது. ஆறுவிரல் விசைகளைப் பார்த்தார். ஓரத்தில் இருந்த ஒரே ஒரு விசை மெல்ல, மிக மெல்ல, யாரோ தூக்கத்தில் அழுத்துவது மாதிரி அமுங்கத் தொடங்கியது.

புள்ளி.

புள்ளி விழுந்தால் பேச்சு கட்டளையாகும். கட்டைக்கு அடியில் ஆட்கள். மச்சினன்.

வலது கையின் ஆள்காட்டி விரலை அச்சுக்கும் காகிதத்துக்கும் நடுவில் திணித்தார். எழுத்தைக் குத்துகிற குட்டிச் சுத்தி அடித்தது. நகம் பிளந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். மறுபடி அடித்தது. எலும்பில் பட்டது. மறுபடி. விரலை எடுக்கவில்லை. இதைப் போய் என்னத்துக்கு எடுப்பது, நாலு போனபோது சும்மாதானே இருந்தோம். மறுபடி. மறுபடி. காகிதத்தில் மை படவில்லை. படவிடவில்லை.

சுத்தி நின்றது.

வென்றுவிட்டோம் என்று நினைத்தார். மூச்சு விட்டார். கீழே, “வந்துட்டான், வந்துட்டான், இன்னும் கொஞ்சம்” என்று குரல் கேட்டது.

விரல் நுனியில் ஒரு துளி திரண்டது. கனத்தது. விழுந்தது.

வெள்ளைக் காகிதத்தில், புது வரியின் தலையில், உருண்டையாக, தனியாக.

மெஷின் அதைப் பார்த்தது மாதிரி ஒரு கணம் சும்மா இருந்தது. அப்புறம் சுருள் ஒரு வரி ஏறியது. விசைகள் அவசரம் இல்லாமல் அடித்தன.

எழுது

கண்ணாடிக்கு அப்பால், வெளிச்சம் செத்த கூடத்தில், குனிந்திருந்த முதுகுகளுக்கு மேலே, கட்டை சத்தமில்லாமல் ஏறத் தொடங்கியது. கடைசி வரைக்கும் ஏறியது. உச்சியில் போய் நின்றது. எழுதியதில் இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது.